10 லட்சத்துக்குள்ள புது கார், நமக்கு வேணும்ங்கிற வசதியோட: தேடுறதுல இருந்து டெலிவரி வரைக்கும் முழு வழிகாட்டி

2025 ஆடி மாசம் தேட ஆரம்பிச்சு கார்த்திகைல வண்டி வீட்டுக்கு வந்துச்சு. சேலத்துல வீடு, அம்மா, நான், மனைவி, ரெண்டு பசங்க, மொத்தம் அஞ்சு பேர். அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம், மாசம் ஒரு தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், பழைய கார்ல பின் சீட்டுக்கு ஏசி காத்தே வராது, சங்ககிரி தாண்டறதுக்குள்ள அம்மா முந்தானையால விசிற ஆரம்பிச்சிடுவாங்க. அதைப் பார்த்துட்டுதான் புது கார்னு முடிவு பண்ணினோம். கையில இருந்தது லோனோட சேர்த்து 11 லட்சம், அதுவும் வண்டி ரோட்டுல இறங்கும்போது 11 லட்சம், அதுக்கு மேல ஒரு ரூபாய் முடியாது.

நாலு மாசத்துல ஒன்பது ஷோரூம் ஏறி இறங்கினேன். அதுல கத்துக்கிட்டதை எல்லாம் வரிசையா எழுதறேன், கணக்கு எல்லாம் தமிழ்நாட்டு ரிஜிஸ்ட்ரேஷனுக்கு. கடைசியா எந்த கார் எடுத்தேன்னு எழுதல, எங்க அம்மா முழங்காலுக்கு ஒத்து வந்த வண்டி உங்க வீட்டுக்கு ஒத்து வரணும்னு இல்ல. எப்படி தேடினோம்ங்கிறது யாருக்கு வேணா உதவும்.

முதல்ல ஒரு நோட்டு எடுங்க, ஷோரூம் அப்புறம்

நேரா ஷோரூம் போனா அங்க முதல்ல காட்டுறது டாப் வேரியன்ட்தான் (ஒரே காரை வசதிக்கு ஏத்த மாதிரி பல விலையில விக்கிற ரகம்தான் வேரியன்ட்), பெரிய ஸ்கிரீன், சன்ரூஃப், கலர் கலரா லைட்டு, பத்து நிமிஷத்துல நமக்கு எது வேணும்னு நாம நினைச்சிருந்தோமோ அது மறந்து போயிடும். அதனால ரெண்டு வாரம், இப்ப இருக்கிற கார்லயோ வாடகை கார்லயோ போகும்போது யார் என்ன குறை சொல்றாங்கன்னு அப்படியே எழுதி வைங்க. யார் சொன்னது, எந்த இடத்துல, எந்த நேரத்துல, மூணும் எழுதணும்.

எங்க நோட்டுல இருந்தது இதுதான். அம்மா, ஏறும்போது காலை மடக்க முடியல, இறங்கும்போது ஆள் கை கொடுக்கணும். அம்மா, மத்தியானம் பின்னாடி புழுக்கம். மனைவி உயரம் அஞ்சு அடி, டிரைவர் சீட்டுல உட்கார்ந்தா பானெட் தெரியல, சீட்டை முன்னாடி தள்ளினா ஸ்டியரிங் நெஞ்சுகிட்ட வருது. பெரியவன், ஏற்காடு ஏறும்போது வாந்தி. சின்னவளுக்கு சைல்டு சீட் கட்ட சரியான இடம் இல்ல. நான், சேலம் அஞ்சு ரோடு ஜங்ஷன்ல சாயங்காலம் கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடது கால் மரத்துப் போகுது.

இப்ப இது ஒவ்வொண்ணும் ஒரு வசதியோட பேரா மாறும் பாருங்க. சீட் உயரமும் கதவு திறக்கிற அகலமும், பின் ஏசி வென்ட், டிரைவர் சீட் உயரம் ஏத்தி இறக்குறது, ஸ்டியரிங் முன்னும் பின்னும் நகர்றது, மெத்துன்னு இருக்கிற சஸ்பென்ஷன், சைல்டு சீட்டை மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி, ஆட்டோமேட்டிக் கியர். ஏழு விஷயம். இதுல சன்ரூஃப் இல்ல, வயர்லெஸ் சார்ஜர் இல்ல, ஏன்னா ரெண்டு வாரத்துல ஒருத்தர் கூட அது இல்லையேன்னு கஷ்டப்படல. இந்த ஏழுல எது இல்லைன்னா அந்த வண்டியே வேணாம்னு சொல்லுவீங்களோ அதை மட்டும் கோடு போட்டு வைங்க, நாலுக்கு மேல போடாதீங்க, போட்டா இந்த பட்ஜெட்ல எந்த வண்டியும் மிஞ்சாது.

பணம்: ஷோரூம் விலையை பார்க்காதீங்க, 10 லட்சம்ங்கிற கோட்டை பாருங்க

விளம்பரத்துல போடுறது எக்ஸ் ஷோரூம் விலை. அதுக்கு மேல ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ரிஜிஸ்ட்ரேஷன் செலவு எல்லாம் சேர்ந்தாதான் ஆன் ரோடு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ரோடு டாக்ஸ் ஏத்தினாங்க, அதுல இருந்து கார் விலை 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10ல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கும் மேல 20 சதவீதம். வருமான வரி மாதிரி படிப்படியா இல்ல இது, கோட்டை தாண்டினா மொத்த விலைக்கும் அந்த சதவீதம்தான்.

அதாவது 9,95,000 ரூபாய் வண்டிக்கு 13 சதவீதம்னா 1,29,350. 10,05,000 ரூபாய் வண்டிக்கு 18 சதவீதம்னா 1,80,900. விலை வித்தியாசம் வெறும் பத்தாயிரம், டாக்ஸ் வித்தியாசம் 51,550. இது போதாதுன்னு 10 லட்சத்தை தாண்டினா 1 சதவீதம் டிசிஎஸ் (விக்கிறவங்களே முன்கூட்டி வசூலிக்கிற வருமான வரி) வேற பிடிப்பாங்க, அது வருமான வரி தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், இல்லன்னா ரீஃபண்டா வரும், ஆனாலும் அன்னைக்கு கையில இருந்து போற காசுதானே. டாப் வேரியன்ட்டுக்கும் அதுக்கு கீழ இருக்கிறதுக்கும் நடுவுல இந்த கோடு வந்தா, மேல போறதுக்கு முன்னாடி இந்த அறுபதாயிரத்தையும் அந்த வேரியன்ட்டோட விலையிலயே சேர்த்து யோசிங்க.

எங்க 11 லட்சத்தை நான் பின்னாடியிலேர்ந்து கணக்கு போட்டேன். இன்சூரன்ஸ் எனக்கு வந்த கொட்டேஷன்ல எல்லாம் 45,000 பக்கம், மத்த சில்லறை செலவு ஒரு நாலாயிரம், டாக்ஸ் 13 சதவீதம், அப்ப ஷோரூம் விலை 9,30,000 தாண்டக்கூடாது. அந்த நம்பரை நோட்டுல முதல் பக்கத்துல பெருசா எழுதினேன், சேல்ஸ்ல இருக்கிறவங்க "இன்னும் நாற்பதாயிரம்தான் சார்"னு சொல்லும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்குவேன்.

ஜிஎஸ்டி விஷயமும் தெரிஞ்சுக்கணும். 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன கார்களுக்கு 18 சதவீதம் ஆச்சு, முன்னாடி 28 சதவீதமும் அது மேல செஸ்ஸும் இருந்துச்சு. சின்ன கார்னா நீளம் 4 மீட்டருக்குள்ள இருக்கணும், கூடவே பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள, ரெண்டு நிபந்தனையும் சேர்ந்து. இதுல ஒண்ணு தவறினாலும் 40 சதவீதம். உதாரணத்துக்கு பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள்ளதான், ஆனா அதோட பெட்ரோல் இன்ஜின் 1.5 லிட்டர், அதனால அது 40ல போகுது, அதே நீளத்துல 1.0 இல்ல 1.2 லிட்டர் இன்ஜின் இருக்கிற வண்டி 18ல வருது. ஒரே காசுக்கு எதுல அதிக வசதி கிடைக்கும்னு பார்க்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம், காசு வரியா போறதுக்கு பதிலா வண்டியில போகுது.

லோன் பத்தி ஒண்ணே ஒண்ணு. ஷோரூம்ல ஈஎம்ஐ எவ்வளவு கம்மின்னு மட்டும்தான் பேசுவாங்க. 8 லட்சம் லோன், 9 சதவீத வட்டின்னு வைங்க, 5 வருஷத்துக்கு மாசம் 16,600 சொச்சம், 7 வருஷத்துக்கு 12,870 சொச்சம். ஆனா மொத்த வட்டி 5 வருஷத்துல 1.96 லட்சம், 7 வருஷத்துல 2.81 லட்சம். அந்த 85,000 ரூபாய்ல நீங்க விட்டுட்டு வந்த ஆட்டோமேட்டிக் கியரே கிடைச்சிருக்கும். வட்டி சொல்லும்போது அது ஃப்ளாட்டா (கடைசி வரைக்கும் முழு கடனுக்கும் போடுறது), குறையுற பாக்கிக்கு போடுறதான்னு கேளுங்க, முன்னாடியே கட்டி முடிச்சா அபராதம் எவ்வளவுன்னும் கேட்டு எழுத்துல வாங்குங்க.

எந்த வசதியை கம்பெனியிலேர்ந்தே வாங்கணும்

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, நான் பார்த்த பாதி வீட்டுல அப்புறமா கடையில போட்டுக்கக்கூடிய சாமானுக்காக வேரியன்ட் ஏறியிருக்காங்க, போடவே முடியாததை விட்டுட்டு வந்திருக்காங்க.

அப்புறமா வெளியில போட முடியாதது: பின் ஏசி வென்ட், ஏர்பேக், சீட் உயரம் மாத்துறது, ஸ்டியரிங் முன்னும் பின்னும் வர்றது, ஆட்டோமேட்டிக் கியர், பின் சீட்டு நடுவுல உட்கார்றவருக்கு மூணு முனை பெல்ட், தலை சாய்க்கிற ஹெட்ரெஸ்ட். இதெல்லாம் வாங்கும்போதே இருந்தாதான் உண்டு.

போட்டுக்கலாம்: டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, ஸ்பீக்கர், கை வைக்கிற ஆர்ம்ரெஸ்ட், வெயிலுக்கு திரை. ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் 2019 ஜூலையில இருந்தே எல்லா புது கார்லயும் கட்டாயம், அதை ஒரு சிறப்பு வசதின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா வெளியில போடும்போது வயரை வெட்டி ஒட்டினா எலக்ட்ரிக்கல் வாரண்டி போயிடும், கப்ளர் வச்சு சொருகுற மாதிரி இருந்தா மட்டும் போடுங்க. சீட்டோட பக்கத்துல ஏர்பேக் இருக்கிற வண்டிக்கு சாதாரண சீட் கவர் போடவே கூடாது, அந்த ஏர்பேக் சீட்டோட தையலை கிழிச்சுக்கிட்டுதான் வெளியில வரும், கவர் இறுக்கமா இருந்தா தடுக்கும். அந்த பக்கம் திறந்து இருக்கிற மாதிரி தைச்ச கவர்னு கேட்டு வாங்கணும்.

இப்ப ஏசி. நம்ம ஊர் வெயிலுக்கு முதல் வசதி இதுதான். ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல்னா அது அதிகமா குளிர வைக்கும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, நீங்க வச்ச டெம்பரேச்சரை அதுவே பார்த்துக்கும், அவ்வளவுதான், பெரும்பாலும் கீழ் வேரியன்ட்லயும் மேல் வேரியன்ட்லயும் கம்ப்ரஸர் ஒண்ணேதான். அதனால காசு கம்மின்னா திருகுற ஏசியே போதும், பின் வென்ட் மட்டும் விடாதீங்க. வேகன்ஆர் ஏறி இறங்க எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா, அம்மா உட்கார்ந்த உடனே இதுவே எடுத்துடலாம்னுட்டாங்க, ஆனா பின்னாடி வென்ட் கிடையாது, மனசில்லாமத்தான் விட்டேன். டிசையர், எக்ஸ்டர், பஞ்ச் இதுலெல்லாம் பின் வென்ட் கிடைக்குது, ஆனா எல்லா வேரியன்ட்லயும் இருக்கும்னு நினைச்சுடாதீங்க, வேரியன்ட் பேர் சொல்லி கேளுங்க.

சீட் துணி. லெதரெட், அதாவது தோல் மாதிரி இருக்கிற செயற்கை துணி, பார்க்க அழகா இருக்கும், சித்திரை மாசம் வெயில்ல நிறுத்தின வண்டியில ஏறி உட்கார்ந்து பாருங்க, தொடை சுடும், முதுகு வேர்த்து சட்டை ஒட்டிக்கும். துணி சீட்டுதான் நம்ம ஊருக்கு நல்லதுன்னு நான் உறுதியா சொல்வேன். வென்டிலேட்டட் சீட் இருந்தா கதை வேற, உள்ள ஃபேன் வச்சு காத்து வரும், அது உண்மையிலேயே சுகம், கைலாக், நெக்ஸான், சோனெட் மாதிரி வண்டியில மேல் வேரியன்ட்ல தர்றாங்க, ஆனா அது வரும்போது பெரும்பாலும் 10 லட்சம் கோட்டை தாண்டியிருக்கும். சிரோஸ்ல மேல் வேரியன்ட் போனா பின் சீட்டுக்கே இந்த வசதி உண்டு, பின் சீட்டு முன்னும் பின்னும் நகரும், சாய்க்கலாம், வயசானவங்களுக்கு அருமையான வண்டி, எங்க பட்ஜெட்டுக்கு எட்டல.

சன்ரூஃப் பத்தி கேட்பீங்க. பசங்களுக்கு ஆசை இருக்கு, எனக்கு புரியுது, எங்க வீட்டுலயும் கேட்டாங்க. ஆனா அதுக்காக கூரை கொஞ்சம் கீழ இறங்குது, உயரமானவங்களுக்கு தலை இடிக்கும், பகல்ல சூடு இறங்கும், தலையை வெளியில நீட்டிக்கிட்டு பசங்க நிக்கிறது ரொம்ப ஆபத்து. நாலு முக்கியமான வசதியும் கிடைச்ச பிறகு காசு மிச்சம் இருந்தா எடுங்க.

டயரையும் பாருங்க, இதை எனக்கு யாருமே சொல்லல. ஒரே கார்ல மேல் வேரியன்ட்டுக்கு பெரிய அலாய் வீல் போடுவாங்க, வீல் பெருசானா டயரோட ரப்பர் பக்கம் உயரம் குறையும், பள்ளத்துல விழும்போது அந்த ரப்பர்தான் முதல்ல அதிர்ச்சியை வாங்குது. ஒரே வண்டியோட ரெண்டு வேரியன்ட்டை ஒரே நாள் ஓட்டினேன், 15 இன்ச் இரும்பு வீல் போட்டது 16 இன்ச் அலாய் போட்டதை விட மெத்துன்னு போச்சு, அம்மாவும் அதையேதான் சொன்னாங்க, அவங்களுக்கு வீலைப் பத்தி எதுவும் தெரியாது.

ஏறி இறங்குறதுக்கு, சீட்டோட உயரம் உங்க இடுப்பு உயரத்துக்கு கிட்ட இருக்கணும், குனிஞ்சு விழுற மாதிரியும் இருக்கக்கூடாது, காலை தூக்கி ஏறுற மாதிரியும் இருக்கக்கூடாது. கதவு எவ்வளவு திறக்குதுன்னு பாருங்க. பஞ்ச், ஆல்ட்ரோஸ் ரெண்டுலயும் கதவு கிட்டத்தட்ட 90 டிகிரி வரைக்கும் திறக்கும், முட்டி மடக்க முடியாதவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு வீட்டுல பெரியவங்க இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

கியர்: ஆட்டோமேட்டிக்ல நாலு ஜாதி

ஏஎம்டிங்கிறது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் மிஷின் போடும். நம்ம நாட்டுல 2014ல செலேரியோவோட வந்துச்சு. விலை கம்மி, மேனுவலை விட சுமார் 50,000 அதிகம், மைலேஜும் குறையாது. ஆனா கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் இருக்கும், மெதுவா ஓட்டினா பழகிடும், வாந்தி வர்ற பசங்க இருந்தா யோசிங்க. டார்க் கன்வெர்ட்டர் வழுக்கிட்டு போற மாதிரி இருக்கும், பல வருஷம் உழைக்கும், ஃப்ரான்க்ஸ் டர்போ, எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக் இதுலெல்லாம் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர்தான். சிவிடி எல்லாத்தையும் விட மென்மை, கியர் மாறுறதே தெரியாது, ஊருக்குள்ள ஓட்ட அதைப் போல சுகம் இல்ல, அமேஸ், மேக்னைட் டர்போ, கைகர் டர்போல இருக்கு, வேகமா ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா மட்டும் சத்தம் முன்னாடி போகும் வண்டி பின்னாடி வரும். டிசிடி வேகமானது, ஹைவேல நல்லா இருக்கும், தினமும் நகர்ந்து நகர்ந்து நிக்கிற டிராஃபிக்ல கிளட்ச் சூடாகும், வாரண்டி முடிஞ்சு வேலை வந்தா செலவு பெருசு.

தினமும் டவுனுக்குள்ளயே ஓட்டுறவங்களுக்கு சிவிடி, ஊர் டவுன் ரெண்டும் கலந்து மலையும் ஏறுறவங்களுக்கு டார்க் கன்வெர்ட்டர், காசு இறுக்கமா இருக்கிறவங்களுக்கு ஏஎம்டி. இதுதான் என் கருத்து.

வேரியன்ட் கூட வேரியன்ட்டை ஒப்பிடுங்க

டிசையர் நல்லதா எக்ஸ்டர் நல்லதான்னு கேட்கிறதே தப்பு. டிசையர் விஎக்ஸ்ஐ நல்லதா எக்ஸ்டர் எஸ் நல்லதான்னு கேளுங்க. கம்பெனி வெப்சைட்ல ப்ரோஷர் பிடிஎஃப் இருக்கும், கடைசி பக்கத்துல எந்த வேரியன்ட்ல என்ன இருக்குன்னு பொடி எழுத்துல ஒரு டேபிள் இருக்கும், அதைத்தான் படிக்கணும், முன் பக்கத்து படம் எல்லாம் டாப் வேரியன்ட். பெரும்பாலும் நடு வேரியன்ட்லதான் கொடுக்கிற காசுக்கு அதிகமா கிடைக்குது, கீழ இருக்கிறதுல கைவைக்க முடியாத அளவுக்கு குறைச்சிருப்பாங்க, மேல இருக்கிறதுல லைட்டும் ஸ்கிரீனும் கூட்டியிருப்பாங்க.

பாதுகாப்பை இந்த பேரத்துல சேர்க்காதீங்க. இப்ப எக்ஸ்டர், மேக்னைட், கைலாக் மாதிரி நிறைய வண்டியில அடி வேரியன்ட்லயே ஆறு ஏர்பேக் வருது, மாருதியும் வேகன்ஆர், ஆல்ட்டோ கே10 வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க. 2023 அக்டோபர்ல இருந்து நம்ம நாட்டுலயே பாரத் என்கேப்னு மோதல் பரிசோதனை நடக்குது, அதோட வெப்சைட்ல ஸ்டார் எவ்வளவுன்னு பார்க்கலாம், டிசையர், கைலாக், நெக்ஸான், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ எல்லாம் 5 ஸ்டார் வாங்கின வண்டிங்க. பெரியவங்களுக்கு தனி ஸ்டார், பசங்களுக்கு தனி ஸ்டார் போட்டிருப்பாங்க, வீட்டுல பசங்க இருந்தா ரெண்டாவதையும் பாருங்க.

இந்த இடத்துல மூணு வண்டி மட்டும் மிஞ்சணும். எங்களுக்கும் மூணுதான் மிஞ்சுச்சு.

டெஸ்ட் டிரைவ்: மத்தியானம் ஒரு மணிக்கு, குடும்பத்தோட

ஷோரூம்ல காலையில பத்து மணிக்கு வர சொல்லுவாங்க, ரெண்டு கிலோமீட்டர் நல்ல ரோட்டுல கூட்டிட்டு போய் கொண்டு வந்து விட்டுடுவாங்க. அதுல ஒண்ணும் தெரியாது. நான் மத்தியானம் ஒரு மணிக்கு அஞ்சு பேரோட போனேன், வண்டியை அரை மணி நேரம் வெயில்ல நிறுத்தி வைக்க சொன்னேன். ஏசி போட்டு பின் சீட்டுல எத்தனை நிமிஷத்துல குளிருதுன்னு மொபைல்ல பார்த்தேன். ஒரு வண்டியில அஞ்சு நிமிஷத்துல அம்மா போதும் குறைன்னாங்க, இன்னொண்ணுல பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. எந்த ப்ரோஷர்லயும் இது இருக்காது.

அப்புறம் முன் சீட்டை உங்க உயரத்துக்கு சரி பண்ணிட்டு இறங்கி, நேர் பின்னாடி நீங்களே உட்கார்ந்து பாருங்க, முட்டி இடிக்குதா, பாதம் முன் சீட்டுக்கு அடியில போகுதான்னு. உட்கார்ந்தா தொடை முழுக்க சீட்டுல படியணும், முட்டிக்கு கீழ காத்துல தொங்கிக்கிட்டு இருந்தா நூறு கிலோமீட்டர்ல வலிக்க ஆரம்பிச்சிடும். பின்னாடி மூணு பேரை உட்கார வச்சு, நடுவுல இருக்கிறவர் காலுக்கு மேடு இடிக்குதான்னு கேளுங்க. பெரியவங்களை மூணு தடவை ஏறி இறங்க சொல்லுங்க, முதல் தடவை எல்லாரும் நல்லாதான் இருக்குன்னு சொல்லுவாங்க, மூணாவது தடவைதான் உண்மை வரும்.

ரோடு நீங்க தேர்ந்தெடுங்க. ஒரு மோசமான ரோடு, ஒரு ஸ்பீடு பிரேக்கர், ஒரு ஏத்தம், கொஞ்சம் ஹைவே. 80ல போகும்போது பாட்டை நிறுத்திட்டு காத்து சத்தமும் டயர் சத்தமும் கேளுங்க. ஏத்தத்துல அஞ்சு பேர் ஏசியோட நிறுத்தி எடுத்து பாருங்க, சின்ன இன்ஜின் வண்டிங்க இங்கதான் மூச்சு வாங்கும். ஏற்காடு, கொல்லிமலை மாதிரி அடிக்கடி போறவங்க இதை விட்டுடவே கூடாது, கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வண்டி கிட்டத்தட்ட நின்னு கிளம்பும்.

நீங்க வாங்கப் போற அதே வேரியன்ட், அதே கியர் வண்டியைத்தான் ஓட்டணும். டாப்பை ஓட்டிட்டு நடுவுல இருக்கிறதை புக் பண்ணினா, டயர் வேற, சீட் வேற, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கொட்டேஷனும் பேரமும்

குறைஞ்சது ரெண்டு டீலர்கிட்ட, வரி வரியா பிரிச்சு எழுதின கொட்டேஷன் வாங்குங்க. மொத்தமா ஒரு நம்பர் சொன்னா ஒத்துக்காதீங்க. எனக்கு ஒரு ஷோரூம்ல லாஜிஸ்டிக்ஸ் அண்ட் ஹேண்ட்லிங்னு எட்டாயிரம் போட்டிருந்தாங்க, இது எதுக்குன்னு கேட்டேன், எல்லாரும் கட்டுறாங்க சார்னாங்க. ஷோரூம் விலையிலயே வண்டி கொண்டு வர்ற செலவு அடங்கிடுச்சு, அதை தனியா கட்ட வேண்டிய அவசியம் இல்ல. ரசீதுல என்னன்னு எழுதி சீல் வச்சு கொடுங்கன்னு கேட்டேன், அடுத்த கொட்டேஷன்ல அந்த வரி காணோம். ஆக்ஸசரீஸ் பேக் கட்டாயம்னு சொன்னாலும் அதே மாதிரி கேளுங்க.

இன்சூரன்ஸ் டீலர்கிட்டதான் எடுக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. புது காருக்கு மூணு வருஷ தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகிற சேதத்துக்கு) கட்டாயம், சொந்த சேதத்துக்கு ஒரு வருஷம் எடுத்தா போதும். வெளியில விலை கேட்டுட்டு வந்து அதே விலைக்கு தர முடியுமான்னு டீலர்கிட்ட கேளுங்க, எனக்கு ஒன்பதாயிரம் குறைஞ்சது. ஜீரோ டெப் (பார்ட்ஸ் பழசாச்சுன்னு க்ளைம் பணத்துல கழிக்காத பாலிசி) கண்டிப்பா எடுங்க. சென்னையில, அதுவும் வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி தண்ணி நிக்கிற இடத்துல இருந்தா இன்ஜின் ப்ரொடெக்டும் எடுங்க, வெள்ளத்துல இன்ஜினுக்குள்ள தண்ணி போய் அது உடைஞ்சா சாதாரண பாலிசில பணம் வராது, 2015லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் இது தெரியாம நிறைய பேர் நஷ்டப்பட்டாங்க. பழைய காரை வித்துட்டு வாங்குறவங்க நோ க்ளைம் போனஸை மறக்காதீங்க, அது வண்டியோட இல்ல, உங்களோட வர்றது, அஞ்சு வருஷம் க்ளைம் பண்ணாம இருந்தா புது வண்டியோட சொந்த சேத ப்ரீமியத்துல 50 சதவீதம் வரைக்கும் குறையும். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியில ஒரு லெட்டர் வாங்கினா போதும்.

நேரம் பார்த்து பேசினாலும் காசு மிச்சம். ஆடிலயும் மார்கழிலயும் நம்ம ஆளுங்க வண்டி எடுக்க மாட்டாங்க, ஷோரூம் காலியா இருக்கும், அப்பதான் பேரம் நல்லா படியும். விலையை அப்ப பேசி எழுதி வாங்கிட்டு ஆவணிலயோ தையிலயோ டெலிவரி எடுத்துக்கலாம், அந்த விலையே நிக்கும்னு ரசீதுல எழுதணும். ஆயுத பூஜை, தீபாவளிக்கு முன்னாடி வாரம் போய் பேரம் பேசினா யாரும் காது கொடுக்க மாட்டாங்க. மார்கழில இன்னொண்ணு, டிசம்பர் முடியுது, பழைய வருஷத்து வண்டியை தள்ளிவிட பெரிய தள்ளுபடி தருவாங்க. அஞ்சாறு வருஷத்துல விக்கிற எண்ணம் இருந்தா வேணாம், பத்து வருஷம் வச்சிருப்பேன்னா தாராளமா எடுங்க.

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி வண்டியை பாருங்க

பூஜை போட்டு எலுமிச்சம்பழம் வைக்கிற அன்னைக்கு போய் கோடு விழுந்திருக்குன்னு சொன்னா ஒண்ணும் நடக்காது, அதுக்குள்ள வண்டி உங்க பேர்ல பதிவாகியிருக்கும். அதனால பதிவுக்கு முன்னாடி, மிச்ச பணம் கட்டுறதுக்கு முன்னாடி, பகல் வெளிச்சத்துல யார்டுக்கே போய் பாருங்க. வண்டி பாடியில அடிச்சிருக்கிற சேஸிஸ் நம்பரை போட்டோ எடுங்க, அதே நம்பர்தான் இன்வாய்ஸ்ல வரணும். எந்த மாசம் தயாரிச்சதுன்னு கேளுங்க, மூணு மாசத்துக்கு மேல பழசுன்னா காரணம் கேளுங்க. டயர் பக்கத்துல நாலு இலக்கம் இருக்கும், 3525ன்னு இருந்தா 2025ல 35வது வாரம் செஞ்சது, ஸ்டெப்னியையும் சேர்த்து அஞ்சு டயரும் பக்கத்து பக்கத்து தேதியில இருக்கணும். மீட்டர் நூறு கிலோமீட்டர் தாண்டியிருந்தா அது டெஸ்ட் டிரைவ் வண்டியான்னு கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. பெயிண்ட்டை சாய்வா பாருங்க, ஒரு கதவு மட்டும் வேற பளபளப்பா இருந்தா திரும்ப அடிச்சது. உள்ள ஏசியை பத்து நிமிஷம் ஓட விட்டு பின் வென்ட்ல கை வைங்க, நாலு ஜன்னல், எல்லா சீட் பெல்ட், சீட் உயரம், ஸ்டியரிங் எல்லாம் ஆட்டி பாருங்க. நீங்க நோட்டுல கோடு போட்ட வசதி எல்லாம் இந்த வண்டியில உண்மையிலேயே இருக்கான்னு ஒண்ணு ஒண்ணா டிக் பண்ணுங்க, வேரியன்ட் மாறி வந்த கதை எங்க தெருவுலயே நடந்திருக்கு.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல்ல காத்து செக் பண்ணுங்க. யார்டுல மாசக்கணக்கா நிக்கும், லாரியில வரும்ங்கிறதால டயர்ல காத்தை அதிகமா அடிச்சு வச்சிருப்பாங்க, பல இடத்துல அப்படியே கொடுத்துடறாங்க. டிரைவர் கதவை திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை பேர் உட்கார்ந்தா எவ்வளவு காத்துன்னு அதுல போட்டிருக்கும். எங்க வண்டியில 42 இருந்துச்சு, ஸ்டிக்கர்ல 33. முதல் தடவை கோயம்புத்தூர் போனப்ப தூக்கி தூக்கி போடுதுன்னு அம்மா சொன்னாங்க, எனக்கு வயிறே கலங்கிடுச்சு, நாலு மாசம் தேடினது வீணாயிடுச்சோன்னு. பெருந்துறை பங்க்ல நிறுத்தி காத்தை இறக்கினேன். அவிநாசி வர்றதுக்குள்ள அம்மா தூங்கிட்டாங்க.